லூசெர்னா பெகோனியா: கணு பார்த்து வெட்டி, பெயர் தொலையாமல் வளர்க்க

குமுளி, வண்டிப்பெரியாறு, தேவிகுளம் பக்கத்து வாசல்களிலும், சித்தூர், கொழிஞ்ஞாம்பாறை வீட்டுத் திண்ணைகளிலும் வெள்ளிப் புள்ளி போட்ட உயரமான பெகோனியாவைப் பார்க்கலாம். கடையில் வாங்கியதைவிட அக்கம்பக்கத்தில் குச்சி ஒடித்துக் கொடுத்து வந்ததுதான் அதிகம். பெயர் கேட்டால் "ஏஞ்சல் விங்" என்று பதில் வரும். மாமரத்தை "பழமரம்" என்று சொல்வது போன்ற பொதுப்பெயர் அது. இறக்கை வடிவ இலையும் மூங்கில் போலக் கணுக்கணுவான தண்டும் உள்ள கேன் (cane) பெகோனியாக்கள் அத்தனைக்கும் அந்தப் பெயர் பொருந்தும். அந்தக் கூட்டத்தில் மூத்ததும் இன்றைக்கும் சோடை போகாததுமான ஒன்று லூசெர்னா. அதைச் சரியாக அடையாளம் காண்பது, நம் தமிழ்நாடு-கேரள எல்லைப்புறத்து மலைக்கும் சமவெளிக்கும் ஏற்ப வளர்ப்பது, குச்சி எடுத்துப் பெருக்குவது மூன்றையும் இங்கே பார்க்கலாம். மூன்றாவதில்தான் பலருக்கும் கை தவறுகிறது. அதனால் அதற்கு இடம் கூடுதலாக ஒதுக்கியிருக்கிறோம்.

பிறந்த கதை

லூசெர்னா காட்டில் கிடைத்த செடி கிடையாது. 1892-இல் சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் நகரில் இரண்டு பெகோனியாக்களைச் சேர்த்து உருவாக்கிய கலப்பினம். பெற்றோர் பெகோனியா டியூஷெரி, பெகோனியா காக்சினியா. காக்சினியா வகைக்குக் "கொரலினா" என்ற பெயரும் அந்தக் காலத்தில் புழங்கியது. அதனால் பிள்ளைக்கு "கொரலினா டி லூசெர்னா" என்று பெயர் வந்தது. பழைய தோட்டக்காரர்கள் இன்றும் அப்படியே எழுதுவார்கள், சுருக்கமாக லூசெர்னா.

காக்சினியாவின் சொந்த ஊர் பிரேசில். ரியோ டி ஜெனிரோவுக்கு உள்ளே தள்ளி நிற்கும் ஆர்கன் மலைத்தொடரில் வில்லியம் லாப் என்பவர் அதைக் கண்டெடுத்து இங்கிலாந்தின் வீட்ச் நர்சரிக்கு அனுப்பினார். 1843-இல் தாவரவியலாளர் ஹூக்கர் அதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். அந்த மலையின் ஈரக்காட்டைப் படத்தில் பார்த்தால் நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைப்பக்கம் நினைவுக்கு வரும்: மரநிழல், பாறை மேல் படிந்த இலைமக்கு, பெய்த மழை தங்காமல் ஓடிவிடும் சரிவு. நம் மலையோடைகளின் ஓரத்தில் தானாக வளரும் பெகோனியா மலபாரிகாவும் இதே மாதிரி இடத்தைத்தான் பிடிக்கும். 1785-இல் பிரெஞ்சு இயற்கையியலாளர் லமார்க் பெயரிட்ட இனம் அது. அதைக் காட்டிலிருந்து பிடுங்கி வர வேண்டாம். எந்த மாதிரி மண்ணில் நிற்கிறது, வெயில் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்று பார்த்து வந்தாலே லூசெர்னாவுக்கு வேண்டியதில் பாதி புரிந்துவிடும்.

லூசெர்னாவோடு கதை நிற்கவில்லை. 1920-களில் கலிஃபோர்னியாவில் ஈவா கென்வர்த்தி கிரே என்ற பெண்மணி லூசெர்னாவை பெகோனியா அகோனிட்டிஃபோலியாவோடு கலந்தார். இலை ஆழமாகக் கிழிந்து வெள்ளி பூசியது போலிருக்கும் "சூப்பர்பா" வகைக் கேன்கள் அந்தக் கலப்பில் தொடங்கியவை. இன்று பெரிய நர்சரிகளில் கிடைக்கும் பல கேன் பெகோனியாக்களுக்கு லூசெர்னா பாட்டி முறை.

கலப்பினம் என்பதால் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். லூசெர்னாவின் விதையில் லூசெர்னா முளைக்காது. தூசி போன்ற அந்த விதை முளைத்தாலும் பிள்ளைகள் ஆளுக்கொரு முகத்தோடு வரும். தாயைப் போல ஒன்றும் இராது. ஆகவே இன்று உலகில் நிற்கும் ஒவ்வொரு லூசெர்னாவும் 1892-இன் அந்த ஒரே செடியிலிருந்து குச்சி குச்சியாக வெட்டி வந்த துண்டுதான். 130 ஆண்டுகளுக்கு மேலாக யாரோ ஒருவர் சரியான கணுவில் வெட்டியிருக்கிறார். அந்த வரிசையில் இப்போது உங்கள் தொட்டியும் இருக்கிறது.

உங்களிடம் இருப்பது லூசெர்னாதானா?

தண்டைப் பாருங்கள். மூங்கில் போலக் கணு வீங்கி, விறைப்பாக, கிளை அதிகம் இல்லாமல் மேலே போகும். தரையில் அல்லது பெரிய தொட்டியில் ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் எளிதாக வரும். இலை பெரியது, 20 செ.மீ.க்குக் குறையாது; ஒரு தோள் அகலமாகவும் மறு தோள் குறுகலாகவும் கோணலாக இருக்கும். மேற்புறம் செம்பு ஓடிய கரும்பச்சை, அதில் அளவு ஒன்றுபோல் இல்லாத வெள்ளிப் புள்ளிகள். திருப்பிப் பார்த்தால் திராட்சை ரசச் சிவப்பு. பூங்கொத்து கனமாகத் தொங்கும். நிறம் அழுத்தமான ரோஜா.

வெள்ளிப் புள்ளியைக் கண்டு நோய் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அது சாயமும் கிடையாது, நோயும் கிடையாது. அந்த இடத்தில் மேல்தோலுக்கும் அடியிலுள்ள பச்சையத் திசுவுக்கும் நடுவே நுண்ணிய காற்றிடைவெளி இருக்கிறது. வெளிச்சம் அதில் பட்டுத் திரும்புவதால் வெள்ளியாகத் தெரிகிறது. புதுத்தளிரில் பளிச்சென்றும் முதிர்ந்த இலையில் மங்கலாகவும் இருப்பது வழக்கம்தான்.

பூவில் ஆண், பெண் தனித்தனி. கொத்தின் முதல் பிரிவுகளில் ஆண்பூ முதலில் விரிந்து சீக்கிரம் உதிரும். பிறகு நுனிகளில் பெண்பூ. பெண்பூவின் பின்னால் மூன்று இறக்கை கொண்ட சூல்பை இருக்கும். அதுவே இளஞ்சிவப்பாக வாரக்கணக்கில் தொங்கும். "பூ உதிர்ந்துவிட்டதே, சீக்கா?" என்று முதல் வாரத்திலேயே கவலைப்பட வேண்டாம். உதிர்ந்தவை ஆண்பூக்கள்.

குழப்பம் வருவது நான்கு செடிகளோடு. பெகோனியா மாகுலாட்டாவின் இலை குறுகி நீண்டிருக்கும், புள்ளிகள் சுண்ணாம்பில் தொட்டு வைத்தது போல வட்டமாகவும் வெண்மையாகவும் இருக்கும், பூ வெள்ளை அல்லது வெளிர் நிறம். காக்சினியாவின் இலை புள்ளியில்லாப் பச்சை, பூ பவழச் சிவப்பு. "டிராகன் விங்" என்று தட்டில் வரிசையாக விற்பது பளபளப்பான வெறும் பச்சை இலையோடு, இடுப்புயரம்கூட வராமல் புதராக நிற்கும். சூப்பர்பா வகைகளின் இலை விளிம்பு ஆழமாகக் கிழிந்திருக்கும். இலை கிழியாமல், புள்ளியோடு, அடிப்புறம் சிவந்து, பூ ரோஜா நிறமாக, ஆளுயரம் போனால் லூசெர்னா என்று கொள்ளலாம். பூக்காத இளஞ்செடியை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள், முதல் பூங்கொத்து வரும்வரை சீட்டில் "லூசெர்னா?" என்று கேள்விக்குறியோடு எழுதி வையுங்கள்.

இடம்: மலைக்கு ஒன்று, கணவாய்க்கு ஒன்று

பொதுவிதி சுருக்கமானது. காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரம், பிறகு நாள் முழுக்க நல்ல வெளிச்சமுள்ள நிழல். 18 முதல் 28 டிகிரி வரை சுகமாக இருக்கும். 10-க்குக் கீழே போனால் இலை கொட்டும். 35-ஐத் தாண்டினால் விளிம்பு கருகத் தொடங்கும். ஆனால் எல்லைப்புறம் ஒரே ஊராக இல்லை. இடத்துக்கு இடம் எதிரி மாறுகிறது.

குமுளி, பீர்மேடு உயரத்தில் இந்தச் செடிக்குப் பெரிய குறை எதுவும் இல்லை. இடவப்பாதி மழைதான், அதாவது தென்மேற்குப் பருவமழைதான் சோதனை. ஜூன் முதல் தொட்டி கூரைக்குள் இருக்க வேண்டும். வெளிச்சம் வரட்டும், மழை நேராக விழக் கூடாது. மூணாறு, வட்டவடை உயரத்தில் மார்கழி, தை இரவுகளில் உறைபனி விழும் நாட்கள் உண்டு. அந்த இரண்டு மாதம் சுவரோரத் திண்ணைக்குள் கொண்டுவந்து, இரவில் பழைய வேட்டியோ சாக்கோ போர்த்தி, காலையில் எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் தாள் இலையில் ஒட்டினால் ஒட்டிய இடம் கருகும்.

சித்தூர், கொழிஞ்ஞாம்பாறை, மீனாட்சிபுரம் பக்கம் கதையே வேறு. கார்த்திகை தொடங்கி மாசி வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கேயிருந்து வறண்ட காற்று அடிக்கும். காலை வெயிலுக்காகக் கிழக்குத் திண்ணையில் வைத்தால் அந்தக் காற்றும் நேராக அதே இலையில்தான் மோதும். இரண்டு நாளில் விளிம்பு காகிதமாகிவிடும். ஆகவே அந்த மாதங்களில் வடக்குப் பக்கத்துக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால் கிழக்கே 50 சதவீத நிழல்வலையைச் செங்குத்தாகக் கட்டுங்கள். வலை இங்கே வெயிலைவிடக் காற்றைத் தடுக்கத்தான். மார்ச், ஏப்ரல் வெயிலுக்கு 75 சதவீத வலை மேலேயும் வேண்டும். தொட்டியின் கீழே அகலத் தட்டில் ஜல்லி பரப்பி, ஜல்லியின் தலை தெரியும்படி தண்ணீர் விட்டு, அதன் மேல் தொட்டியை வையுங்கள். தொட்டியின் அடி தண்ணீரைத் தொடக் கூடாது.

செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவுப் பக்கம் ஆடிச் சாரலோடு வரும் காற்று ஈரமானதுதான், இலையைக் கருக்காது. ஆனால் தண்டை ஒடிக்கும். கனத்த பூங்கொத்தோடு இரண்டடி உயரத் தண்டு ஆடினால் கணுவில் முறியும். அங்கே ஆனி பிறப்பதற்குள் மூங்கில் குச்சி ஊன்றி, வாழைநாரை எட்டு வடிவில் தளர்வாகச் சுற்றிக் கட்டிவிடுங்கள். இறுக்கிக் கட்டினால் தண்டு பருத்ததும் நார் அறுக்கும். குச்சியைச் செடி வைக்கும் போதே ஊன்றுவது நல்லது. பிறகு குத்தினால் வேர் அறும்.

தொட்டியும் மண்ணும்

லூசெர்னாவுக்குக் கிழங்கு இல்லை. மெல்லிய நார்வேர் மட்டுமே. முழுக்கக் காயவும் கூடாது, ஊறிக் கிடக்கவும் கூடாது. தோட்டத்துச் செம்மண்ணை மட்டும் போட்டால் இடவப்பாதியில் களியாகி வேர் மூச்சுத் திணறும். அளவு இப்படி வைக்கலாம், பாத்திரம் எதுவானாலும்: கழுவிய தென்னை நார்க்கழிவு 4 பங்கு, உமிக்கரி 2 பங்கு, அரை அங்குலத்துக்குள் உடைத்த செங்கல் துண்டு அல்லது பெர்லைட் 2 பங்கு, நன்றாக மக்கிய இலைமக்கு அல்லது மண்புழு உரம் 2 பங்கு. பத்து அங்குலத் தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு சேர்த்து, கலவையை நனைத்துப் பத்து நாள் நிழலில் குவித்து வைத்த பிறகு நடுங்கள். புண்ணாக்கு புதிதாக இருந்தால் சூடு கிளப்பி வேரைச் சுடும்.

நார்க்கழிவைக் கழுவச் சொல்வது சம்பிரதாயத்துக்காக இல்லை. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து மலிவாக வரும் கட்டிகளில் உப்பு ஏறியிருக்கும். 5 கிலோ கட்டியை ஊறவைத்து உதிர்த்து, மூன்று முறை தண்ணீர் மாற்றிப் பிழியுங்கள். பிறகு 100 கிராம் கால்சியம் நைட்ரேட்டைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி ஒரு நாள் வைத்து, மறுபடி ஒரு அலசு. நார்க்கழிவு பிடித்து வைத்திருக்கும் சோடியமும் பொட்டாசியமும் இப்படிச் செய்தால்தான் வெளியேறும். அதைச் செய்யாத தொட்டியில் ஆறு வாரத்தில் புதிய இலைகள் சுருங்கி விளிம்பு பழுப்பாகும். உரம் போதவில்லை என்று நினைத்து இன்னும் உரம் போட்டால் நிலைமை மோசமாகும். எம்-சாண்ட் சேர்ப்பதாக இருந்தால் அதையும் அலசுங்கள். அதன் மாவுத்தூசி தொட்டியின் அடியில் சிமெண்டு போலப் படியும்.

தொட்டி மண்ணால் ஆனதாக இருக்கட்டும். இந்தச் செடி தலை கனத்தது. பிளாஸ்டிக் தொட்டி சாயும். வேருக்குப் பொருத்தமான தொட்டியை விட மிகப் பெரியதில் வைத்தால் வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடந்து புளிக்கும். ஆறு அங்குலம், பிறகு எட்டு, பிறகு பத்து என்று படிப்படியாக ஏற்றுங்கள்.

தண்ணீர், உரம்

மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்ததும் ஊற்றவும், அடித்துளை வழியாக வடியும்வரை. நாள் கணக்கு வைக்காதீர்கள். அதே தொட்டி தை மாதக் கொழிஞ்ஞாம்பாறையில் தினமும் கேட்கும், ஆடி மாதக் குமுளியில் ஐந்து நாளைக்கு ஒரு முறை போதும் என்று சொல்லும். இலைமேல் ஊற்ற வேண்டாம். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில் மழைநீரைப் பிடித்து வையுங்கள். இல்லையென்றால் மாதம் ஒரு முறை தொட்டியின் கொள்ளளவைப் போல இரு மடங்கு தண்ணீர் ஊற்றி உப்பை வடியவிடுங்கள்.

வளரும் காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒரு முறை 19:19:19 உரத்தை (தழை, மணி, சாம்பல் சத்து சம அளவில் உள்ளது) லிட்டருக்கு ஒரு கிராம். தண்டு முதிர்ந்து மொட்டுப் பருவம் தெரிந்ததும் சாம்பல்சத்து மிகுந்த 13:0:45, அதே அளவு. இயற்கை வழி வேண்டுவோர் தெளிந்த சாணக்கரைசலைப் பத்து மடங்கு நீர்த்து ஊற்றலாம். தழைச்சத்து மிஞ்சினால் இலை யானைக்காதாக வரும், பூ வராது. கடும் மழையிலும் கடும் பனியிலும் உரம் நிறுத்தம்.

கவாத்து

தேயிலைக் காட்டில் கவாத்துப் பார்த்தவர்களுக்கு இதன் நோக்கம் புரியும், முறை மட்டும் வேறு. தேயிலையை ஒரே மட்டத்தில் வெட்டுவோம். லூசெர்னாவை அப்படி மொட்டையடித்தால் அடுத்த பல மாதங்களுக்குப் பூ இல்லை. தண்டு முதிர்ந்தால்தான் பூக்கும் என்பதே காரணம்.

வருடம் ஒரு முறை போதும். மலையில் பனி முடிந்த மாசிக் கடைசி. சமவெளியில் மழை தணிந்து வெயில் ஏறாத ஆவணி, புரட்டாசி, அதாவது மலையாளக் கணக்கில் சிங்ஙமும் கன்னியும். மூன்று வயது தாண்டி, அடியில் மரத்துப்போய், நுனியில் மட்டும் நான்கு இலையோடு நிற்கும் தண்டுகளைத் தரைமட்டத்திலிருந்து இரண்டு கணு விட்டு வெட்டுங்கள். ஆனால் மொத்தத் தண்டுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே வருடத்தில் தொட வேண்டாம். நடுவயதுத் தண்டுகளை வெவ்வேறு உயரத்தில் குறையுங்கள். அடியிலிருந்து புதிதாகக் கிளம்பிய தடித்த குருத்துகளின் நுனியைக் கிள்ளவே கிள்ளாதீர்கள்; அடுத்த பூ அவற்றில்தான். புதராக வேண்டும் என்று அவற்றைக் கிள்ளுவதுதான் "இலை மட்டும் வருகிறது" என்ற புகாருக்குப் பெரிய காரணம்.

வெட்டு கணுவுக்கு அரை செ.மீ. மேலே. கத்தியை ஒவ்வொரு செடிக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் துடையுங்கள். இலை குறைந்த செடி தண்ணீரும் குறைவாகக் குடிக்கும். கவாத்து முடிந்த மூன்று வாரம் பழைய அளவில் ஊற்றினால் வேர் அழுகும்.

குச்சி எடுத்தல்: கரும்புக் கரணை நினைப்பு இங்கே உதவாது

மறையூர்ப் பக்கம் கரும்புக் கரணை வெட்டத் தெரிந்த கைகள் நிறைய. கரணையில் எந்தக் கணுவை எடுத்தாலும் மொட்டு உண்டு, புதைத்தால் முளைக்கும். லூசெர்னாவின் தண்டும் கணுக்கணுவாக அதைப் போலவே இருப்பதால் அதே நம்பிக்கையில் வெட்டிவிடுகிறோம். ஆனால் பெகோனியாவில் ஒரு கணுவில் இலைக்கக்கத்து மொட்டு ஒன்றுதான். அது பூங்கொத்தாக விரிந்துவிட்டால் அந்தக் கணுவில் மிச்சம் ஒன்றும் இல்லை. அங்கிருந்து இனிக் கிளை வராது.

பூத்த கணுவைப் புதைத்தால் நடப்பது இதுதான். வேர் விடும். இலையும் பச்சையாக நிற்கும். நுனிக்குருத்து இருந்தால் ஒற்றைத் தண்டாக மேலே போகும், அடியிலிருந்து தூர் வெடிக்காது. நுனி இல்லாத நடுத்தண்டாக இருந்தால் மாதக்கணக்கில் அப்படியே நின்று, பிறகு வாடிப்போகும். மண், உரம், தண்ணீர் என்று என்ன மாற்றினாலும் பலனில்லை, ஏனென்றால் முளைக்க மொட்டே கிடையாது. கேட்டவர்களுக்கெல்லாம் குச்சி கொடுத்தும் யார் வீட்டிலும் தழைக்கவில்லை என்றால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

பூத்த கணுவை எப்படிக் கண்டுபிடிப்பது? உதிர்ந்த இலையின் தழும்பு அகலமான பிறை வடிவம். அதற்குச் சற்று மேலே சிறிய வட்டத் தழும்போ காய்ந்த காம்பின் அடிக்கட்டையோ இருந்தால் அங்கே பூத்திருக்கிறது. பூக்காத கணுவில் அதே இடத்தில் பச்சையோ சிவப்போ கூர்மையான சிறு மொட்டு ஒட்டியிருக்கும். விரல் நுனியால் தடவினால் தட்டுப்படும். காகிதம் போன்ற இலையடிச் செதில் அதை மூடியிருந்தால் உரித்துப் பாருங்கள்.

மொட்டுள்ள கணுக்கள் மூன்று நான்கு கொண்ட, பென்சில் தடிமனுள்ள, பத்து முதல் பன்னிரண்டு செ.மீ. துண்டு வெட்டுங்கள். இன்னும் பூக்காத இளந்தண்டு முதல் தேர்வு. கீழ்க் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டு விழ வேண்டும். கீழ் இலைகளை நீக்கி, மேலே ஒன்றிரண்டு விட்டு, பெரிய இலையானால் கத்தரியால் பாதியாக்குங்கள். பூமொட்டோ பூவோ இருந்தால் தயங்காமல் கிள்ளிவிடுங்கள். வெட்டுவாயிலிருந்து கசியும் சாறு காய ஒரு மணி நேரம் நிழலில் கிடக்கட்டும். வேர்ப்பொடி தேவையில்லை, இது தானாகவே வேர்விடும் இனம்.

கழுவிய நார்க்கழிவும் பெர்லைட்டும் சரிபாதி கலந்து மூன்று அங்குலக் கோப்பையில் நிரப்பி, நனைத்து, கையில் அள்ளிப் பிழிந்தால் ஓரிரு துளி மட்டும் சொட்டும் ஈரத்தில் வையுங்கள். மொட்டுள்ள கணு ஒன்றாவது மண்ணுக்குள் போக வேண்டும். பின்னாளில் தூர் அங்கிருந்துதான் கிளம்பும். நான்கைந்து துளை போட்ட பிளாஸ்டிக் பையால் மூடி, வெயில் படாத வெளிச்சத்தில் வைத்து, தினமும் பத்து நிமிடம் திறந்து மூடுங்கள். சமவெளியில் மூன்று நான்கு வாரத்தில் வேர் பிடிக்கும். மூணாறு குளிரில் இரண்டு மாதமும் ஆகலாம். மெல்ல இழுத்துப் பார்த்துத் தடை தெரிந்தால் பையை ஒரு வாரத்தில் படிப்படியாக அகற்றுங்கள். ஒரே நாளில் எடுத்தால் இலை துவளும்.

தண்ணீர் பாட்டிலில் வைத்தும் வேர்விட வைக்கலாம். ஆனால் அந்த வேர் நொறுங்கும் தன்மையுடையது. இரண்டு மூன்று செ.மீ. நீண்டதுமே மண்ணுக்கு மாற்றுங்கள். பாட்டில் நிறைய வேர் வரட்டும் என்று காத்திருந்தால் மண்ணில் பாதி அழுகும். தனி இலையை நட்டு முயல வேண்டாம். வண்ண இலைக்காக வளர்க்கும் ரெக்ஸ் பெகோனியாவில் இலை நரம்பிலிருந்து செடி வரும்; கேன் வகையில் இலை வேர் மட்டும் விட்டு நின்றுவிடும்.

ஒரே தாயின் மூன்று குச்சிகளை ஒரு எட்டு அங்குலத் தொட்டியில் சேர்த்து நட்டால் முதல் வருடமே நிறைவாகத் தெரியும்.

எது கெடுக்கிறது

மழைக்காலத்தில் இலையில் நீர் ஊறியது போன்ற கண்ணாடிப் புள்ளி, சுற்றிலும் மஞ்சள் வளையம், விளிம்பிலிருந்து உள்நோக்கி ஆப்பு வடிவில் பரவுதல்: இது பாக்டீரியா இலைப்புள்ளி. தெறிக்கும் தண்ணீரிலும் துடைக்காத கத்தியிலும் பரவும். மருந்தால் குணமாவதை எதிர்பார்க்காதீர்கள். ஓரிரு இலை என்றால் வெட்டி எரித்து, செடியைத் தனியாக வையுங்கள். பாதிச் செடி பாதித்திருந்தால் தொட்டியோடு விட்டுவிடுவதே மற்றவற்றுக்கு நல்லது. அதிலிருந்து குச்சி எடுக்கவே கூடாது.

வெள்ளைப் பொடி தூவியது போலிருந்தால் சாம்பல் நோய். இரவு குளிர்ந்து பகல் காய்ந்த நாட்களில், காற்றோட்டமில்லாத மூலைகளில் வரும். தொடக்கத்திலேயே, நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் மாலையில் தெளிக்கலாம். பகல் வெப்பம் 32-ஐத் தாண்டும் நாட்களில் தெளித்தால் கந்தகமே இலையைச் சுடும். அடித்தண்டு கறுத்துக் குழைந்தால் வேரழுகல். மேலே நல்ல பாகம் இருக்கும்போதே குச்சி எடுத்துக்கொண்டு மிச்சத்தை விடுங்கள். சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாப் பொடி கிருஷி பவன்களில் (கேரள வேளாண் அலுவலகங்களில்) கிடைக்கும். லிட்டருக்கு 20 கிராம் கரைத்து மழைக்கு முன்பே மண்ணில் ஊற்றி வைப்பது தடுப்புக்கு உதவும், அழுகிய பின் உதவாது.

மாவுப்பூச்சி ஒளிவது காய்ந்த இலையடிச் செதில்களுக்குள். மாதம் ஒரு முறை அவற்றை உரித்துப் போட்டாலே பாதி ஒழியும். மிஞ்சியவற்றைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடையுங்கள். பரவியிருந்தால் வேப்பெண்ணெய் 5 மில்லி, சோப்புக் கரைசல் 2 மில்லி, ஒரு லிட்டர் தண்ணீர், வெயில் தாழ்ந்தபின். உதிர்ந்த பூ இலைமேல் ஒட்டிக் கிடந்தால் அந்த இடத்தில் சாம்பல் நிறப் பூஞ்சை பிடிக்கும், தினமும் தட்டிவிடுங்கள். ஆப்பிரிக்க நத்தை உள்ள ஊர்களில் இரவில் டார்ச் அடித்துப் பொறுக்குவதும், நனைத்த சாக்குக்கடியில் முட்டைக்கோஸ் இலை வைத்து விடியலில் அள்ளுவதும்தான் வழி. தொட்டியைச் சுற்றி உப்புக் கொட்டாதீர்கள். மழையில் கரைந்து வேருக்குப் போகும்.

மழை நாளில் இலையடியில் சொரசொரப்பான பழுப்பு மேடுகள் தெரிந்தால் அது பூச்சியால் வந்ததில்லை. வேர் உறிஞ்சிய தண்ணீரை இலை ஆவியாக்க முடியாமல் செல் வெடித்த தழும்பு. தண்ணீரைக் குறைத்தால் போதும்.

ஆடு, மாடு, நாய், பூனைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். தண்டில் ஆக்சலேட் இருக்கிறது. கடித்தால் வாய் எரிந்து எச்சில் வழியும்.

சீட்டும் மறுவீடும்

மார்க்கர் பேனாவால் எழுதிய சீட்டு ஒரு கோடையில் வெளுத்துவிடும். பெயர் போனால் செடி மறுபடி "ஏஞ்சல் விங்" ஆகிவிடுகிறது. குளிர்பானத் தகரத்தைப் பட்டையாக வெட்டி, அட்டைமேல் வைத்து, பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் எழுத்து பள்ளமாகப் பதியும். மை போனாலும் படிக்கலாம். "லூசெர்னா, 1892", குச்சி யார் வீட்டிலிருந்து வந்தது, நட்ட மாதம், இவ்வளவும் போதும். அதைத் தொட்டியில் குத்தாமல் கம்பியில் கோத்துத் தண்டின் அடியில் தளர்வாகக் கட்டுங்கள்.

ஒரே வீட்டில் பத்துத் தொட்டி வைப்பதைவிட, மலையில் ஒரு வீட்டிலும் சமவெளியில் ஒரு வீட்டிலும் ஒவ்வொன்று இருப்பது பத்திரம். ஒரு பக்கம் பனியோ அழுகலோ கொண்டுபோனாலும் மறுபக்கத்திலிருந்து குச்சி வரும். பஸ்ஸில் கொடுத்தனுப்ப, குச்சியின் அடியை ஈரச் செய்தித்தாளில் சுற்றி, மேலே வாழைப்பட்டை வைத்துக் கட்டுங்கள். இலைப்பகுதி நனையக் கூடாது, பிளாஸ்டிக்கில் அடைக்கவும் கூடாது. இப்படிக் கட்டினால் இரண்டு நாள் தாங்கும். கட்டுவதற்கு முன் கீழ்க் கணுவில் மொட்டு இருக்கிறதா என்று இன்னொரு முறை தடவிப் பாருங்கள்.